பீவர் பிடிக்க எந்தப் பொறி?

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு பீவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1937இல் ஐந்து சென்ட் நாணயத்தில் ஏறியது, இன்றும் அதில்தான் இருக்கிறது. 1975இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதை நாட்டின் சின்னமாக்கியது. ஆனால் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் ஓடையோரமாக நிலம் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், வேறு கதை கேட்கலாம். சாலைக்கடியில் தண்ணீர் போகும் குழாயை ஒன்றிரண்டு இரவுக்குள் குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிடும். தண்ணீர் சாலை மேல் ஏறும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும். இருபது வருடம் வளர்ந்த பாப்லர் மரம் காலையில் தரையில் கிடக்கும். அப்போதுதான் பொறியைப் பற்றிய பேச்சு வரும்.

பீவருக்கான பொறியைத் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் எந்தப் பொறி என்பதில்தான் தடுமாற்றம். கடையில் அடுக்கியிருப்பதில் பெரியதாக ஒன்றை வாங்கி வந்து ஓடையில் போட்டால், பீவர் தப்பலாம், நீர்நாய் சாகலாம், வைத்தவருடைய கையே முறியலாம். பொறியைத் தேர்ந்தெடுப்பவர் கடைக்குப் போகும் முன் ஓடைக்குத்தான் போக வேண்டும். இடத்தைப் பார்த்த பிறகே எந்தக் கருவி என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் விலங்கைப் பற்றிக் கொஞ்சம். வளர்ந்த பீவர் பொதுவாக 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். கொறித்துண்ணிகளில் தென் அமெரிக்காவின் கேப்பிபாராவுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. கரையில் இதன் நடை மந்தம், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் ஆளே வேறு. மூச்சை அடக்கிக்கொண்டு பதினைந்து நிமிடம் வரை உள்ளே இருக்கும். கண்ணை ஒளி ஊடுருவும் இமை மூடிக்கொள்ளும். முன்பற்களுக்குப் பின்னால் உதடு சேர்ந்துகொள்வதால், வாய்க்குள் தண்ணீர் போகாமல் அடியிலேயே மரத்தைக் கடிக்கும். வீட்டின் வாசலையும் தண்ணீருக்குக் கீழேதான் வைத்திருக்கும். பயந்தால் ஓடி ஒளியும் இடம் ஆழமான தண்ணீர். பின்னால் சொல்லப்போகிற பொறிகளில் ஒரு வகை இந்தப் பழக்கத்தை நம்பியே வேலை செய்கிறது.

இன்னொரு குணமும் பிடிப்பவருக்கு உதவுகிறது. பீவர் போன வழியிலேயே போகும். வீட்டு வாசலிலிருந்து உணவுக் குவியலுக்கு ஒரு தடம், அணையைத் தாண்ட ஒரு இடம், கரையேறிச் சறுக்க ஒரு சரிவு, மரம் இழுத்து வரத் தோண்டிய வாய்க்கால். தெளிந்த தண்ணீரில் அடியில் உற்றுப் பார்த்தால் சேறு விலகி, பாசி இல்லாமல், வழவழவென்று ஒரு பாதை தெரியும். அணையின் விளிம்பில் ஓரிடம் மட்டும் தேய்ந்து தாழ்ந்து ஈரமாக இருக்கும். பொறி வைக்கும் இடங்கள் இவைதான்.

அடுத்து, எதற்காகப் பிடிக்கிறோம் என்ற கேள்வி. தோலுக்காகவா, வெள்ளத்தை நிறுத்தவா, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடவா? மூன்றுக்கும் கருவி வேறு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பொறி வாங்குவது வீண்.

உடலைக் கவ்வும் பொறி

தண்ணீரில் பீவரைக் கொல்லத்தான் வேண்டும் என்று முடிவானால் என் தேர்வு 330 எண்ணுள்ள உடல் கவ்வும் பொறி. ஊர்ப் பேச்சில் இதற்கு 'கானிபேர்' என்று பெயர். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் பொறி வைத்துப் பிழைத்த ஃபிராங்க் கானிபேர் உருவாக்கியது. காலைக் கவ்விய பொறியில் விலங்குகள் நெடுநேரம் துடிப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர், சட்டென்று உயிர் போகும்படி ஒரு பொறி வேண்டும் என்று பாடுபட்டார். 1950களின் பிற்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது.

அமைப்பு எளிமையானது. பத்து அங்குலச் சதுரமான இரண்டு இரும்புச் சட்டங்கள் நடுவில் இணைந்திருக்கும். இரு பக்கமும் இரண்டு வலுவான ஸ்பிரிங்குகள். மேல் சட்டத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீழே தொங்கும். நீந்தி வரும் பீவர் தலையை உள்ளே விட்டதும் கம்பி அசையும், சட்டங்கள் கத்தரிபோல மூடும், அடி கழுத்திலும் மார்பிலும் விழும். சரியாக விழுந்தால் வேதனை நீளாது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் செய்துகொண்ட பொறித் தர ஒப்பந்தம் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: குறைந்தது பன்னிரண்டு விலங்குகளில் சோதிக்க வேண்டும், அவற்றில் 80 சதவீதமாவது 300 நொடிக்குள் மீளாத மயக்க நிலைக்குப் போயிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது எனக்கு நீண்ட நேரமாகவே படுகிறது. ஆனால் அது மேல் வரம்பு. நல்ல பொறி நல்ல இடத்தில் இருந்தால் அதைவிட மிகச் சீக்கிரம் முடியும். கனடாவில் பீவருக்கு உடல் கவ்வும் பொறி வைப்பதானால், சான்று பெற்ற பொறிகளின் பட்டியலில் உள்ளதையே வைக்க வேண்டும். டியூக், பெலீல், எல்.டி.எல்., சோவாஜோ போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்கள் அதில் உண்டு. பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று பெயரும் எண்ணும் அழிந்த பொறியை வாங்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்த பொறி கொல்லாது, பிடித்து வைத்து வதைக்கும்.

பத்து அங்குலம் எதற்கு என்று கேட்கலாம். எட்டு அங்குலத்தில் 280 என்று ஒன்று இருக்கிறது. குறுகிய வாய்க்காலுக்கும் ஆழமில்லாத தண்ணீருக்கும் அது வசதி, வைப்பதும் எளிது, கனடாவின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அணைத் தாண்டலிலும் வீட்டு வாசலிலும் முழு வளர்ச்சி பெற்ற பீவர் தயங்காமல் நுழைய 330 போல அகலம் வேண்டும். முதல் பொறி வாங்குகிறவருக்கு 330 போதும்.

பொறியோடு அதை நிறுத்தும் ஏற்பாட்டையும் யோசிக்க வேண்டும். ஓடையில் ஆடிக்கொண்டு நிற்கும் பொறியை பீவர் முகர்ந்துவிட்டுச் சுற்றிப் போகும், அல்லது கோணலாக நுழைந்து இடுப்பில் அடி வாங்கும். இரண்டு கழிகளை ஸ்பிரிங்கின் கண்கள் வழியாகச் சேற்றில் ஆழமாக ஊன்றிப் பொறியை நட்டமாக நிறுத்துவார்கள். இதற்கென்று இரும்புத் தாங்கிகளும் விற்கின்றன. கழி வெட்டினால் காய்ந்த, பட்டுப்போன மரமாகப் பாருங்கள். பச்சை பாப்லரோ வில்லோவோ ஊன்றினால் பீவருக்கு அது சாப்பாடு, கழியைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

தண்ணீர் ஆழமாக இருந்தால் பீவர் மேற்பரப்பிலேயே நீந்திப் பொறிக்கு மேலாகப் போய்விடும். அதற்குத்தான் முழுக்குக் கழி. கை மொத்தத்தில் ஒரு காய்ந்த மரத்தைப் பொறிக்கு நேர் மேலே, தண்ணீர் மட்டத்தில் கரைக்குக் கரை குறுக்கே போட வேண்டும். நீந்தி வரும் பீவர் தடையைக் கண்டதும் தாண்டாது, தலையை அமிழ்த்தி அடியில் நுழையும். அங்கே பொறி காத்திருக்கும். ஒரு காசு செலவில்லாத இந்தக் கழி இல்லாவிட்டால், விலை கொடுத்து வாங்கிய பொறி வெறுமனே நிற்கும்.

நீர்நாய் உள்ள ஆறு என்றால் இன்னும் ஒரு கவனம் வேண்டும். அதுவும் இதே தடத்தில்தான் நீந்தும். தொங்கும் கம்பிகளை நடுவில் விடாமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளி வைத்தால், ஒல்லியான நீர்நாய் நடுவழியாகப் போய்விட வாய்ப்புண்டு. அகல உடம்புக்கார பீவர் ஓரத்துக் கம்பியையும் தொட்டுவிடும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் நிமிட நேர வேலைதான். நீர்நாயின் எச்சத்தில் மீன் செதில் மின்னும். கரையில் அதைக் கண்டால் இந்த ஏற்பாடு இல்லாமல் பொறியை இறக்காதீர்கள்.

கையைக் காப்பாற்றும் சாமான்கள்

330 ஒரு மனிதனின் முன்கையைப் பிடித்தால் மறு கையால் மட்டும் திறப்பது மிகவும் கடினம். குளிர்ந்த தண்ணீரில், தனியாக நிற்கும்போது அது உயிருக்கே ஆபத்து. அதனால் பொறி வாங்கும்போதே நான்கு சாமான்களையும் சேர்த்து வாங்குங்கள்: ஸ்பிரிங்கை அழுத்தும் நீண்ட பிடியுள்ள இடுக்கி, அழுத்திய ஸ்பிரிங்கை நிறுத்தும் கொக்கிகள், விரித்த சட்டங்கள் மூடாமல் பிடித்திருக்கும் பாதுகாப்புப் பிடி, ஐந்தடி நீள உறுதியான கயிறு.

கயிறு எதற்கென்றால், கை மாட்டிக்கொண்டால் விடுவிக்க. அதன் ஒரு முனையில் கால் நுழையும் அளவு வளையம் முடிந்து எப்போதும் சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் கயிற்றின் மறு முனையை ஸ்பிரிங்கின் இரண்டு கண்கள் வழியாகவும் விட்டு, திரும்ப முதல் கண்ணில் ஒரு முறை நுழைத்து, வளையத்தில் காலை வைத்து மிதித்தபடி முனையை மேலே இழுக்க வேண்டும். கண்கள் இரண்டும் நெருங்கி வரும்போது கொக்கியை மாட்டிவிடலாம். பிறகு அடுத்த ஸ்பிரிங். இதை வீட்டில், தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, பொறிக்குள் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துப் பழகுங்கள். ஒரே கையால் செய்யும் அளவுக்கு வர வேண்டும். பாதுகாப்புப் பிடியைப் பொறி தண்ணீரில் அசையாமல் நின்ற பிறகு, கடைசி வேலையாகத்தான் எடுக்க வேண்டும்.

துருப்பிடிக்காமல் இருக்கக் கால் பொறிகளுக்கு மெழுகு பூசுவது உண்டு. 330க்கு மெழுகு வேண்டாம். தாழ் வழுக்கி, கையில் இருக்கும்போதே மூடிவிடும்.

கால் பொறியும் சறுக்குக் கம்பியும்

330க்கு முந்தைய காலத்தில் பீவரைப் பிடித்தது கால் பொறிதான். நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா சமூகத்தில் தயாரான நியூஹவுஸ் பொறிகள் 19ஆம் நூற்றாண்டில் கண்டம் முழுவதும் போயின. இன்றும் நான்காம் எண் பொறியையும் எம்.பி. 750 போன்ற பெரிய பொறிகளையும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உடல் கவ்வும் பொறியை நிறுத்த முடியாத அகலமான கரையோரத்தில், வாசனை மேட்டுக்கு முன்னால், இதற்கு இடம் உண்டு. பீவர் தன் எல்லையைக் காட்டச் சேற்றைக் குவித்து, காஸ்டோரியம் என்ற சுரப்பை அதன் மேல் விடும். அந்நிய பீவரின் வாசனை வந்தால் விசாரிக்க வந்தே தீரும். வசந்த காலத்தில் இதைவிட நல்ல கவர்ச்சிப் பொருள் கிடையாது.

இதில் பொறியோடு தண்ணீரின் ஆழமும் கருவியில் ஒரு பகுதி. கரையில் அடித்த முளையிலிருந்து ஆழமான இடத்தில் கிடக்கும் மணல் மூட்டைக்கு ஒரு இரும்புக் கயிறு விறைப்பாகப் போகும். பொறியின் சங்கிலி அந்தக் கயிற்றில் ஒரு சின்ன இரும்புத் துண்டோடு கோத்திருக்கும். துண்டு ஆழத்தை நோக்கிச் சறுக்கும், கரையை நோக்கித் திரும்பாது. கால் சிக்கிய பீவர் வழக்கம்போல ஆழத்துக்குப் பாயும், மேலே வர முடியாமல் அங்கேயே உயிர்விடும். மூன்று நான்கு அடி ஆழம் இல்லாத இடத்தில் இந்த முறையை நினைக்கவே கூடாது. தண்ணீர் போதவில்லை என்றால் விலங்கு காலை முறுக்கிக்கொண்டு தவிக்கும். முன்கால் சிறியது, பிய்ந்துபோகும். அதனால் அனுபவசாலிகள் பொறியை ஒன்பது பத்து அங்குல ஆழத்தில், பாதையின் நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்து, சவ்வு விரிந்த பெரிய பின்காலைக் குறிபார்ப்பார்கள். பொறியின் விரிவு ஆறரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பதினைந்து நிமிடம் மூச்சடக்கத் தெரிந்த விலங்கை மூழ்கடித்துக் கொல்வது மெதுவான சாவு. 330 நிற்கக்கூடிய இடத்தில் இதை வைக்க எனக்கு மனம் வராது.

சுருக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெல்லிய இரும்புக் கயிற்றில் ஒன்பது பத்து அங்குல வளையம், அதைத் தாங்க ஒரு கனத்த கம்பி, அவ்வளவுதான். எடை இல்லை, விலை குறைவு. பனி உறைந்த ஏரியில் துளை போட்டு, காய்ந்த கழி ஒன்றில் பச்சை ஆஸ்பென் கிளையை இரையாகக் கட்டி, சுற்றிலும் சுருக்குகளை வைத்து இறக்குவார்கள். தூரம் நடந்து போகிறவர்களுக்கு இது வசதி. பனி மேல் நடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பீவர் வீட்டுக்குப் பக்கத்திலும் அது நீந்தும் தடத்துக்கு மேலும் பனி மெலிந்திருக்கும். பனிக்கு அடியில் வரிசையாக வெள்ளைக் குமிழிகள் தெரிந்தால் அதுதான் தடம். அங்கே கால் வைக்கும் முன் கடப்பாரையால் தட்டிப் பார்க்க வேண்டும்.

உயிரோடு பிடிக்க

பீவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதானால் பெய்லி, ஹேன்காக் என்ற இரண்டு பொறிகள்தான் பெயர் பெற்றவை. இரண்டும் சங்கிலி வலையால் ஆனவை, கனமானவை, விலை அதிகம். பெய்லி பொறி தண்ணீருக்குள் படுத்திருந்து இரு பக்கமும் மடிந்து மூடும். ஹேன்காக் பொறியின் கீழ்ப் பாதி கரையோரத் தண்ணீரில் இருக்கும். மேல் பாதி கரையில் திறந்து நிற்கும். இரையைத் தேடி வந்த பீவர் விசையை மிதித்ததும் சூட்கேஸ் மூடுவதுபோல மூடிக்கொள்ளும். சிக்கிய விலங்கின் தலை தண்ணீருக்கு மேல் இருக்கிறதா என்பதை வைக்கும்போதே கணக்குப் போட வேண்டும். இரவில் மழை பெய்து ஓடை ஏறினால், காப்பாற்ற வைத்த கூண்டுக்குள்ளேயே அது மூழ்கிவிடும். வானிலை பார்க்காமல் இதை வைக்கவே கூடாது, விடிந்ததும் போய்ப் பார்த்தாக வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 1996இல் வாக்களித்து உடல் கவ்வும் பொறிகளுக்குத் தடை போட்டார்கள். வெள்ளப் புகார்கள் கூடவே, 2000இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கிணறோ சாலையோ ஆபத்தில் இருந்தால் ஊர்ச் சுகாதார வாரியம் பத்து நாள் அவசர அனுமதி தரலாம். மற்றபடி அங்கே கூண்டுகள்தான். வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தாவ் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் பீவர்களை இப்படிப் பிடித்து, குடும்பம் பிரியாமல் வைத்திருந்து, வறண்ட மலையோடைகளில் விடுகிறார்கள். தண்ணீரைத் தேக்க அங்கே அவை வேண்டியிருக்கின்றன. நேர்மாறான கதை தென் அமெரிக்காவின் தியெரா தெல் ஃபுவேகோ தீவில். 1946இல் தோல் தொழிலுக்காக அர்ஜென்டினா கொண்டுவந்து விட்ட இருபது பீவர்கள் பல்கிப் பெருகி, அவற்றைத் தாங்கத் தெரியாத லெங்கா மரக் காடுகளை அழித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே கொல்லும் பொறிதான் வழி. ஒரே விலங்கு, இடத்தைப் பொறுத்துக் கருவி மாறுகிறது.

அணையும் வெள்ளமும் மட்டுமே பிரச்சினை என்றால், பொறியை விடப் பல இடங்களில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நன்றாக வேலை செய்கிறது. அணையின் ஊடாகக் குழாயைப் போட்டு, குளத்துப் பக்க முனையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துவிட்டால், தண்ணீர் எங்கே போகிறது என்று பீவரால் கண்டுபிடித்து அடைக்க முடியாது. மட்டம் ஒரு அளவில் நிற்கும். பொறியில் ஒரு குடும்பத்தையே எடுத்துவிட்டாலும், நல்ல இடம் காலியாக இருந்தால் அடுத்த வசந்தத்தில் பெற்றோரைப் பிரிந்து வரும் இரண்டு வயதுப் பீவர்கள் அங்கே குடியேறும். வருடா வருடம் பொறி வைப்பதா, ஒரு முறை குழாய் போடுவதா என்று கணக்குப் பாருங்கள். பொறிதான் என்றால், மே, ஜூன் மாதங்களைத் தவிருங்கள். குட்டிகள் பால் குடிக்கும் நேரம் அது. தாய் பொறியில் விழுந்தால் வீட்டுக்குள் அவை பட்டினியால் சாகும்.

உடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மார்பு வரை வரும் ரப்பர் உடை, அதன் மேல் இறுக்கமான பெல்ட், தோள் வரை வரும் ரப்பர் கையுறை, ஆழம் பார்க்க ஒரு தடி. விழுந்தால் உடைக்குள் தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அந்த பெல்ட்தான். செத்த விலங்கைத் தொடும்போதும் கையுறை வேண்டும். துலரீமியா என்ற காய்ச்சல் இந்த வகை விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும். பீவர் குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் ஜியார்டியா கிருமியால் வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு வரலாம்.

சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மாநிலத்துக்கும் மாறும். பெரிய உடல் கவ்வும் பொறியை நாய்களின் பாதுகாப்புக்காகத் தண்ணீரில் மட்டுமே அனுமதிக்கும் மாநிலங்கள் பல உண்டு. பொறியில் உங்கள் பெயர்த் தகடு தொங்க வேண்டும் என்பார்கள், இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஒன்ராறியோவில் பொறி வைக்கும் உரிமம் பெற, அதற்கான வகுப்பில் படித்துத் தேர்வாக வேண்டும். சட்டத்துக்காக மட்டும் அந்த வகுப்புக்குப் போகாதீர்கள். 330ஐ முதன்முதலாக விரிக்கும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும், அதற்காகவே போங்கள். பொறியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.